பதினோரு நீலப் புள்ளி

இப்போதைக்கு பஸ் நகராது தாயி. நானும் இறங்கிப்போய் எட்டிப் பாத்துட்டுத்தான் வர்றேன். அடுத்த வளைவுல மண்ணு சரிஞ்சு பாதி ரோட்டை மூடிக் கெடக்கு. ஜேசிபி கீழேருந்து வரணுமாம். ரெண்டு மணி நேரம்னு டிரைவர் சொல்றாரு, அவரு ரெண்டுன்னா மூணுன்னு வெச்சுக்கங்க. நல்லா சாஞ்சு உக்காருங்க. இந்தாங்க, கொய்யாப்பழம். கூச்சப்படாம எடுங்க.

டீச்சர்தானே? மேல பள்ளிக்கூடத்துக்கு மாத்தல் வாங்கி வர்றீங்க. அட, பாத்தாலே தெரியுதே! மடியில சார்ட் பேப்பரைச் சுருட்டி வெச்சிருக்கீங்க, தோள்ல பை, கால்ல ஷூ. நான் ஆளைப் பாத்தாலே சொல்லிருவேன். இந்த மலையில எனக்குத் தெரியாத ஆளும் கெடையாது, தெரியாத இடமும் கெடையாது. மேல்மந்தைக் குழந்தைவேலுன்னு யாருகிட்ட வேணா கேட்டுப் பாருங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். என் பின் சீட்டுல போர்வையைப் போத்திக்கிட்டு கால நீட்டிப் படுத்திருக்கா பாருங்க, அது எங்க வீட்டுல, என் சம்சாரம். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிட்டு வர்றேன். தொடை எலும்புல பிளேட் வெச்சிருக்கு. இன்னும் மூணு மாசத்துக்குக் குடம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. எப்படி விழுந்தாங்கன்னு அன்னைக்கே கேட்டாரு. பாத்ரூம்ல வழுக்கிட்டான்னு சொன்னேன். எங்க வீட்டு பாத்ரூம்ல தரையே மண்ணுத்தரை தாயி. அதுல எவன் வழுக்குவான்? டாக்டர் நம்பிட்டாரு. அவ என்னை ஒரு பார்வை பாத்தா.

அவ பேசவே மாட்டா. அவளுக்கும் சேத்து நான் பேசிருவேன்.

உங்ககிட்ட ஏன் இதைச் சொல்றேன்னா, நீங்க படிச்சவங்க. எனக்கு ஒரு யோசனை வேணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எங்க ஊர் மந்தையில கூட்டம். திட்டக்காரங்க மறுபடியும் வர்றாங்க. இஞ்சினியர் ஒருத்தர் புதுசா வர்றாராம். அவரு முன்னாடி நின்னு ஊருக்காக நான்தான் பேசணும். என்ன பேசுறதுன்னுதான் தெரியல.

மூணு வருசத்துக்கு முன்னாடி, தை மாசம். ஒரு தொண்டு நிறுவனத்துக்காரங்க ஊருக்கு வந்தாங்க. ரெண்டு ஜீப்பு, நாலு சாருங்க. நல்ல மனுசங்க, குறை சொல்லக் கூடாது. "இன்னும் முப்பது வருசத்துல இந்த மலை எப்படி இருக்கணும்? சோலை எங்க இருக்கணும், தண்ணி எங்கேருந்து வரணும், எந்தச் சரிவுல வெள்ளாமை வைக்கலாம், எதுல கூடாது? நாங்க சொல்ல மாட்டோம். நீங்கதான் சொல்லணும்"னாங்க. அதுவரைக்கும் எங்களை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. வந்தவனெல்லாம் சொல்லிட்டுப் போனவன்தான். எங்களுக்கு ஒரே பெருமை.

மேப்பு போடணும்னாங்க. பேப்பர்ல இல்ல, தரையில. கோலப்பொடியில. பச்சைப் பொடி சோலைக்கு, செவப்பு வீட்டுக்கு, மஞ்சள் தோட்டத்துக்கு, நீலம் தண்ணிக்கு. பொடிக்கு எங்க போறது? மார்கழிக்கு வாங்கினது வீட்டு வீட்டுக்கு மிச்சம் இருந்துச்சு. பொம்பளைங்க டப்பா டப்பாவாக் கொண்டாந்து குடுத்தாங்க.

எங்க மந்தைன்னா ஊர் நடுவுல ஒரு பெரிய கல்மேடை. ஏழு படி. அதுல பொம்பளைங்க ஏறக் கூடாது. ஏன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது. என்னைக்கும் ஏறினதில்ல, அவ்வளவுதான். கீழ்ப்படிக்குக் கீழ நின்னு கேக்கலாம். ஏதாவது சொல்லணும்னா வீட்டு ஆம்பளைகிட்டச் சொல்லணும், அவன் மேடைக்கு வந்து சபையில சொல்லுவான். சொன்னதைச் சொன்னபடி சொல்லணும், அது முறை. என் தங்கச்சி காட்டுப் பங்கு கேட்டப்பக்கூட அவ புருசன் வந்து ஒரு வார்த்தை மாத்தாமச் சொன்னான். எனக்குப் பிடிக்காததையும் சொன்னான்.

அப்ப நாங்க ஆம்பளைங்க முப்பது பேரு மேடையில குத்தவெச்சுக் கோலம் போடுறோம். நீங்க பாத்திருக்கணும்! ஒருத்தனுக்கும் பொடி விரல்ல நிக்கல. கோடு இழுத்தா புழு நெளியுற மாதிரி நெளியுது. கீழ பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. இருந்தாலும் போட்டோம். சோலை, வீடு, பூண்டுத் தோட்டம், பீன்ஸ் தோட்டம், குதிரைப் பாதை எல்லாம் போட்டோம். அடுத்து தண்ணி. நீலப் பொடியை நான் எடுத்தேன். மலையில இருக்குற ஊத்தெல்லாம் நெஞ்சுக்குள்ள பாடம் எனக்கு. ஒண்ணு, ரெண்டுன்னு சொல்லிக்கிட்டே வெச்சேன். பதினோரு புள்ளி. சாருங்க கை தட்டினாங்க. "ஊருக்கு நீர்த்தொட்டி கட்டினா எந்த ஊத்துல புடிக்கலாம்?"னு தலைமை சாரு கேட்டாரு. நான் ஆறாவது புள்ளியத் தொட்டுக் காட்டினேன். தோட்டத்து ஊத்து. மேட்டுல இருக்கு, தண்ணி தானா இறங்கி வரும், மோட்டார் வேணாம். அது வழியில என் பூண்டுத் தோட்டம் இருக்கு, அது வேற விசயம்.

அப்பத்தான் கீழேருந்து எங்க வீட்டுல பேசினா. கையில நீலப்பொடி டப்பா. சத்தமாக்கூட இல்ல. "இந்தாங்க, அதுல வைக்காதீங்க. தைல மரம் வளந்ததுலேருந்து அது மாசியோட நின்னுபோகுது. மதினி ஊத்தை நீங்க வைக்கவே இல்லையே. சொல்லுங்க"ன்னா.

எனக்கு மதினி ஊத்துன்னா என்னன்னே தெரியாது தாயி. பேரையே அன்னைக்குத்தான் கேக்குறேன். நெஞ்சுக்குள்ள பாடம்னு இப்பத்தானே எல்லார் முன்னாடியும் பீத்தியிருக்கேன்! தலைமை சாரு, "அம்மா என்னமோ சொல்றாங்களே, என்னங்க?"ன்னு கேட்டாரு. முப்பது ஆம்பளைங்களும் என் மூஞ்சியப் பாக்குறாங்க.

நான் சொன்னேன், "அது ஒண்ணுமில்ல சார், நீலப்பொடி தீந்துபோச்சுன்னு சொல்றா."

எல்லாரும் சிரிச்சாங்க. சாரும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். அவ டப்பாவைப் பாத்தா. பாதிக்கு மேல பொடி இருந்துச்சு. அதை அப்படியே கீழ்ப்படியில வெச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா. ராத்திரி சோறு போட்டா, கொழம்பு ஊத்தினா, அதைப்பத்திக் கேக்கல. கேட்டிருந்தா நானும் கத்தியிருப்பேன், சண்டை போட்டிருப்போம், முடிஞ்சிருக்கும். அவ கேக்கல.

எடுங்க, இன்னொரு பழம் எடுங்க. காயா இருந்தாலும் இனிக்கும்.

ஆவணியில தொட்டி கட்டி முடிச்சாங்க. தெருவுக்கு ரெண்டு குழாய். திறப்பு விழாவுல எனக்கு மாலை போட்டாங்க. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. வழிஞ்ச தண்ணி என் தோட்டத்துக்குப் பாஞ்சுச்சு, அந்த வருசம் பூண்டு எலுமிச்சை தண்டிக்கு விளைஞ்சுது. அது வேற விசயம்னு சொன்னேன்ல.

மாசி பதினஞ்சுக்குக் குழாய் காத்தா ஊத ஆரம்பிச்சுருச்சு. பங்குனியில சுத்தமா நின்னுபோச்சு.

சித்திரையில சாருங்க பாக்க வந்தாங்க. கட்டி ஒரு வருசம் ஆகல, தொட்டி காஞ்சு கெடக்கு, அவங்க மேலிடத்துக்கு எழுதியாகணுமே. "என்னங்க ஆச்சு?"ன்னு கேட்டாங்க. அந்த எடத்துல சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ‘நான் தப்பாக் காட்டிட்டேன், எங்க வீட்டுல சரியாச் சொன்னா’ன்னு சொல்லியிருந்தா போதும். வாயி வரல. "பொம்பளைங்க குழாயைத் தெறந்து போட்டுட்டுப் பேசிக்கிட்டு நிக்குறாங்க சார். துணியெல்லாம் அங்கயே தொவைக்கிறாங்க. எத்தனை சொன்னாலும் கேக்குறதில்ல"ன்னுட்டேன். அவங்க அப்படியே எழுதிக்கிட்டாங்க. ‘பயன்பாட்டுக் குறைபாடு’ன்னு எழுதினாங்களாம். அதோட விடல. ஊர்க்கூட்டம் போட்டு எல்லாக் குழாய்க்கும் பூட்டுப் போட்டோம். சாவி என்கிட்ட. இந்தா பாருங்க, இப்பவும் இடுப்புலதான் இருக்கு. காலையில ஒரு மணி நேரம் தெறந்து விடுவேன். காத்து வரும். ஒரு மணி நேரம் காத்தை விட்டுட்டு மறுபடியும் பூட்டுவேன். சிரிக்கிறீங்களா? சிரிங்க. எனக்கே இப்பச் சொல்லும்போதுதான் தெரியுது.

வீட்டுல மட்டும் குடத்துல தண்ணி இருந்துச்சு. குளிக்க இருந்துச்சு, குடிக்க இருந்துச்சு, மாட்டுக்கு இருந்துச்சு. எங்கேருந்து வருதுன்னு நான் கேக்கல. சத்தியமாச் சொல்றேன், கேக்கணும்னு தோணவே இல்ல. நான் முழிக்கிறப்பக் குடம் நெறஞ்சிருக்கும். அவ்வளவுதான்.

இந்த வருசமும் அதே கதை. மாசியில குழாய் நின்னுச்சு, குடம் மட்டும் நெறஞ்சு இருந்துச்சு. சித்திரை கடைசியில ஒருநாள் விடிஞ்சு கொஞ்ச நேரம், தெருவுல சத்தம் கேட்டு வெளிய வந்தேன். பொம்பளைங்க எட்டுப் பேரு ஒரு கம்பளியோட நாலு முனையப் புடிச்சு எதையோ தூக்கிட்டு வர்றாங்க. பூண்டு மூட்டைன்னு நெனச்சேன். கிட்ட வந்தாத்தான் தெரியுது. அவளைத்தான் தூக்கிட்டு வர்றாங்க. கால் ஒரு பக்கம் திரும்பிக் கெடக்கு. சேலையெல்லாம் சேறு. மயிலாத்தான்னு பக்கத்து வீட்டுக்காரி, அவதான் முன்னாடி புடிச்சு வந்தா. "என்னடி ஆச்சு?"ன்னு கேட்டேன். "தண்ணிக்குப் போன எடத்துல பாறையில வழுக்கிட்டா. மூணு மைல் தூக்கிட்டு வர்றோம், தள்ளுங்க"ன்னா. மூணு மைல் தாயி! போக மூணு, வர மூணு. தினமும்.

அன்னைக்கு ஜீப்பு புடிச்சு இதே ரோட்டுல இறங்குறோம். ஒவ்வொரு வளைவுக்கும் அவ பல்லைக் கடிக்கிறா. "அது எந்த ஊத்து?"ன்னு கேட்டேன். "மதினி ஊத்து"ன்னா. "எங்க ஆம்பளைங்க யாருக்கும் தெரியாதே"ன்னேன். "நீங்க தண்ணிக்குப் போனதில்லையே"ன்னா. கோவமாச் சொல்லல. மழை பேஞ்சா நனையும்ங்குற மாதிரிச் சொன்னா.

அப்புறம்தான் மத்ததெல்லாம் சொன்னா. ஊருக்குக் கல்யாணமாகி வர்ற பிள்ளைய முதல் கோடையில மதினிக்காரி கூட்டிட்டுப் போய்க் காட்டுவாளாம். சோலைக்குள்ள, ஒரு பாறைக்கு அடியில. சித்திரைக் கத்திரியிலயும் நிக்காதாம். சுத்தி ஒரு செடி வெட்ட விட மாட்டாங்களாம், செருப்பைக் கழட்டிட்டுத்தான் போவாங்களாம். இவளை என் அக்காதான் கூட்டிட்டுப் போயிருக்கு, இருபத்தேழு வருசத்துக்கு முன்னாடி. என் கூடப்பொறந்த அக்கா! அதுவும் என்கிட்டச் சொன்னதில்ல. நாங்க மேடையில குத்தவெச்சு முப்பது வருசத்துக்குத் திட்டம் போட்டோம் பாருங்க. கீழ நின்ன அத்தனை பேருக்கும் பன்னெண்டாவது ஊத்து தெரியும். மேல நின்ன ஒருத்தனுக்கும் தெரியாது. தையில எல்லா ஊத்தும் ஓடும், எவன் வேணா புள்ளி வைக்கலாம். சித்திரையில எது ஓடும்னு சித்திரையில குடம் தூக்கினவளுக்குத்தானே தெரியும்.

இவ்வளவும் தெரிஞ்சப்புறம்தான் நான் டாக்டர்கிட்ட பாத்ரூம்னு சொன்னேன். விசாரிக்க வந்த வெளியூர்ச் சொந்தக்காரங்ககிட்ட வெறகுக்குப் போன எடத்துலன்னு சொன்னேன். தண்ணிக்குப் போனான்னு சொன்னா, குழாய் இருக்கே ஏன் போனான்னு கேப்பாங்க. குழாய்ல தண்ணி இல்லன்னா, ஏன் இல்லன்னு கேப்பாங்க. கேட்டுக்கிட்டே போனா கடைசியில நீலப்பொடி டப்பாவுலதான் போய் நிக்கும். வெக்கமா இருக்கு தாயி. அம்பத்துமூணு வயசுல உங்க மாதிரி பிள்ளைகிட்டச் சொல்ல வெக்கமா இருக்கு. முகம் தெரியாதவங்கன்னுதான் சொல்றேன். ஊர்ல ஒரு ஆளுகிட்டச் சொன்னதில்ல.

சரி, யோசனை கேட்டேன்ல. நாளைக்கு வர்ற இஞ்சினியரு ரெண்டாவது தொட்டி கட்டப் போறாராம். அதே ஊத்துல, அதே மேட்டுல, இன்னும் பெருசா. அன்னைக்குக் கோலத்தைப் பாத்து சாருங்க வரைஞ்சுக்கிட்டுப் போன காகிதத்துல பதினோரு புள்ளிதானே இருக்கு. இப்ப ஐப்பசி, மழைக் காலம். போய்ப் பாத்தாருன்னா தோட்டத்து ஊத்து குபுகுபுன்னு கொட்டும். அவரும் சரின்னுட்டுப் போயிருவாரு. நான் நிறுத்தணும்னா எல்லாத்தையும் சொல்லணும், மந்தையில, முப்பது பேரு முன்னாடி. சொல்லலேன்னா தொட்டி வந்துரும், அதுவும் மாசியில காஞ்சுரும், எங்க ஊருக்கு இனிமே எவனும் தண்ணித் திட்டம் தர மாட்டான். பொம்பளைங்க மூணு மைல் நடந்துக்கிட்டே இருப்பாங்க. தோட்டத்துக்குத் தண்ணி பாயுறது... அது வேற விசயம் இல்ல தாயி. அதுவும் இதுதான். ஆறாவது புள்ளியத் தொட்டப்ப என் மனசுல என் பூண்டுதான் இருந்துச்சு. சொல்லிட்டேன், போதுமா.

நான் பாதியச் சொல்லலாம்னு பாக்குறேன். ‘ஊத்து கொஞ்சம் குறையுதுங்க, வேற எடம் பாக்கலாமுங்க’ன்னு மட்டும். பொடி விசயம் வேணாம். என்ன சொல்றீங்க டீச்சர்?

என்ன சொன்னீங்க?

டீச்சர் இல்லையா?

நீங்களா! நாளைக்கு... நீங்களா தாயி? இஞ்சினியர் சாருன்னுல்ல சொன்னாங்க. இல்ல, சாருன்னு அவங்க சொல்லல. நான்தான் சாருன்னு... ஏம்மா, வந்து உக்காந்ததுலேருந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஆமா, நான் விட்டாத்தானே.

அப்ப அது சார்ட் இல்லையா. எங்க மலையா அது? விரிங்க பாப்போம். ஆமா. ஆத்தாடி, கோடெல்லாம் நேரா வந்துருக்கு. இந்தா இருக்கு மந்தை. இந்தா என் தோட்டம். ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினொண்ணு. நீலத்துலயே அச்சடிச்சிருக்காங்க.

நீங்க இதை எழுதுவீங்களா? நான் பேசினதை? இல்ல, எழுதுங்க. எழுதாதீங்கன்னு சொல்ல வரல. ஆனா நாளைக்கு மந்தையில நீங்க எப்படி ஏறுவீங்க? படிக்குக் கீழ நிக்க வெச்சா உங்களுக்கு மரியாதையா இருக்காது, மேல ஏத்தினா ஊர்க்காரங்க...

என்னடி? முழிச்சிக்கிட்டா இருக்க? எப்பலேருந்து?

அது ஒண்ணுமில்ல தாயி. கால் வலிக்குதுங்குறா.

...

இல்ல. அவ அதைச் சொல்லல. நீங்க காதால கேட்டீங்க, உங்களுக்கே தெரியும். இருங்க, சொல்றேன். சொன்னதைச் சொன்னபடி சொல்றேன். "மந்தைக்கு வரவேணாம். விடியக்காலம் மூணு மணிக்கு எங்க தெருவுக்கு வரச் சொல்லுங்க. ஒரு குடம் எடுத்துக்கட்டும். என்னால நடக்க முடியாது, மயிலாத்தா ஊத்துக்குக் கூட்டிட்டுப் போவா. கூட்டம் அங்க போட்டுக்கலாம்"னு சொல்றா. அப்புறம் என்னைக் காட்டி உங்ககிட்ட இன்னொண்ணும் சொன்னா. "அவரையும் கூட்டிட்டுப் போங்க, அவரும் ஒரு குடம் தூக்கட்டும்"னா.

சொல்லிட்டேன். ஒரு வார்த்தை விடல.

எனக்கா? பென்சில் எதுக்கு? ஓ... பன்னெண்டாவது புள்ளி. எந்த எடம்னு வைக்கணுமா?

குடுங்க. சோலை இந்தப் பக்கம். மயிலாத்தா வந்தது குதிரைப் பாதை வழியா, அப்ப கிழக்கால இருக்கணும். இல்ல, மேக்கால இருந்து வந்தாங்களோ. மூணு மைல்னா இந்த வளைவுக்கு அங்கிட்டு... பாறைன்னா... இங்க நாலு பாறை போட்டிருக்கே.

எனக்குத் தெரியாது தாயி. சித்திரையில கால் ஒடிஞ்சா, இப்ப ஐப்பசி. ஆறு மாசத்துல ஒருநாள் போய்ப் பாத்திருக்கலாம். போகல.

பென்சில அவகிட்டக் குடுங்க.